பெண்கள் வரிசையில் ஓர் ஓலைப்பெட்டி

1944 ஜூன் 3, சனி

ரேஷன் கடையில் இன்றும் சண்டை. ஆண்கள் சாக்குப்பை போட்டு இடம் பிடிக்கிறார்கள், பெண்கள் ஓலைப்பெட்டி வைத்து. செண்பகம் விடிந்ததுமே பெட்டியைப் பெண்கள் வரிசையில் வைத்துவிட்டாள். கடை திறக்கும்வரை பெட்டிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவள் போய்ப் பக்கத்தில் நின்றதும், "ஏலே, அலிக்கு இங்கன என்ன வேலை?" என்று பெட்டியை உதைத்தார்கள். சேலை கட்டியவளை, ஆம்பளையைக் கூப்பிடுவதுபோல் ஏலே என்று!

நான் ஆண்கள் வரிசையில். வீட்டில் என் பெயர் ஜெபசெல்வி, ரேஷன் கார்டில் சத்தியராஜ். பின்னால் நின்றவன் இடுப்பைக் கிள்ளினான். சீ.

ஜூன் 4

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், ஓயாத வழக்கு. "தாசில்தாருக்கு மனு போடுவோம், தனி வரிசை கேப்போம். மானத்தோட அரிசி வந்தாப் போதும்" என்கிறாள் சண்முகத்தாய்.

"நான் பொம்பளையா இல்லையான்னு அவருட்டயா கேக்கணும்? அங்கனதான் நிப்பேன். அடிச்சா அடிக்கட்டும்" என்கிறாள் செண்பகம்.

இரண்டுக்கும் தலையாட்டினேன். நாசரேத் மிஷன் பள்ளியில் படித்தவளாம், மனு எழுதும் வேலை என் தலையில்.

ஜூன் 6

"ஆணும் அல்லாத, பெண்ணும் அல்லாத நாங்கள்" என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் கேட்பார்களாம். நான் பெண் இல்லையா? பிறகு ஏன் எழுதினேன்?

ஜூன் 24, சனி

தனி வரிசை கிடைத்துவிட்டது! கயிறு கட்டியிருக்கிறார்கள். சண்முகத்தாய் அழுதேவிட்டாள். யாரும் கிள்ளவில்லை. ஆனால் மற்ற இரண்டு வரிசையும் முடிந்த பிறகுதான் எங்களுக்கு. மூட்டையின் அடி அரிசி, பாதி கல். செண்பகம் வரவில்லை.

ஜூலை 1

இன்றும் கல்.

ஜூலை 8, சனி

செண்பகம் மறுபடி பெண்கள் வரிசையில் பெட்டியோடு நின்றாள். சண்முகத்தாய் கயிற்றைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். மனுவுக்கு நடையாய் நடந்த சண்முகத்தாய்! இருவரையும் பிடித்துத் தள்ளினார்கள். திரேஸ்புரத்து மீன்காரி ஒருத்தி மட்டும் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "ஏளா, போயிரு, மிதிச்சிருவாளுவ" என்றாள்.

நான் எழுதி வாங்கிய வரிசையில் நான் மட்டும் நின்றேன். எனக்கு அடி அரிசி கிடைத்தது. அவர்களுக்கு ஒன்றுமில்லை.

மூவரும் அதைத்தான் பொங்கித் தின்றோம். யார் செய்தது சரி? தெரியல, சத்தியமா எனக்குத் தெரியல. செண்பகம் கல்லைப் பொறுக்கிக்கொண்டே, "ஏலேன்னு இல்ல, ஏளான்னு கூப்பிட்டா, கேட்டியா?" என்றாள் மறுபடி மறுபடி.

"சோறு இல்லன்னாலும் பரவால்ல" என்றாள் சண்முகத்தாய். "அடுத்த சனிக்கு நீயும் அங்கன வா."

ஜூலை 14, வெள்ளி

வருகிறேன் என்று சொல்லவில்லை. சாக்குப்பையை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். என் கார்டை, நாளை பெண்கள் வரிசைக்குப் போகும் செண்பகத்தின் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.