யாருக்கும் வேண்டாத பதினெட்டுப் பெட்டி

உ

கோலியர்ஸ் வுட்
18.10.2009

அன்பு மகள் மிதுஷாவுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகன் கௌசிகனும் அடிலெய்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று நல்லூரானை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கடதாசியின் பின்பக்கத்தில் ஏதோ அச்சடித்திருக்கும், வாசித்து முடியுமட்டும் திருப்பிப் பார்க்காதே. ரெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்தில் நின்று என் கதையைப் பறித்துக்கொள்வார். இது நான்தான் சொல்லவேண்டிய கதை, ஏனென்றால் பிழை விட்டதும் நான்தான்.

பேர்மிங்ஹாம் பக்கத்தில் வான் செய்கிற தொழிற்சாலை நின்றுபோனது உனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வாகன உதிரிச் சாமான் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வான் ஓடுகிறவர்கள். போதாக்குறைக்குப் பழைய வாகனத்தைக் கொடுத்துப் புதிது வாங்கினால் அரசாங்கம் காசு தருகிறது என்றதும் பத்து வருஷத்து வாகனமெல்லாம் நசுக்கப் போய்விட்டது, பிறகு சாமானுக்கு யார் வருவார்? இஞ்சையும் கார் தொழிற்சாலை மூடியபிறகு சாமான் கடைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டுகிறார்கள், அப்பாவைக் கடையை விட்டுவிட்டு இஞ்சை வந்து இருக்கச் சொல்லுங்கோ என்று நீயும் எழுதினாய். வாசித்துக் காட்டினேன், கேட்டுவிட்டு எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். வைகாசியில் ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்த பிறகு அவர் எதற்குத்தான் வாய் திறந்தார்? செய்தி பார்ப்பார், பிறகு கடையில் போய் இருந்து நட்டுகளைத் தரம் பிரிப்பார். சிரிப்பு என்பதே இல்லை.

அப்படி இருந்த மனிதர் ஆவணியில் ஒருநாள், இஞ்சேரும், பக்டரிதானே நிண்டது, றோட்டிலை ஓடுற வான் நிக்கேல்லையே, இனித்தான் சாமானுக்கு அலைவாங்கள் என்று துள்ளிக்கொண்டு வந்தார். அந்தத் தொழிற்சாலைக்குச் சாமான் கொடுத்த ஒரு ஸ்ரோரின் சரக்கை ஏலம் விடுகிறார்களாம், முன் லைற்றுகளை எடுத்தால் ஐந்து வருஷத்துக்குக் கடை ஓடும் என்றார். எனக்கும் சந்தோஷப் புழுகம் பிடிபடவில்லை. ஏலம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் அல்லவா, இருவரும் போய்ச் சேர்ந்தபிறகும் பன்னிரண்டு அடிக்காமல் வானை விட்டு இறங்கக்கூடாது என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஆட்கள் பெட்டி பெட்டியாய் ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளே போனால் பதினெட்டுப் பெரிய பெட்டி லைற்தான் மிச்சம். அப்பா பெட்டியைத் திறந்து பார்க்காமல் கையைத் தூக்கினார், வேறு ஒருவரும் தூக்கவில்லை. பாத்தீங்களே, நல்ல நேரத்தின்ர பலன் என்று நான் வேறு பெருமையடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் சபாரத்தினம் அண்ணையின் வானுக்கு ஒன்றைப் பூட்டினால், வெளிச்சம் எதிரே வருகிறவனுடைய முகத்தில் அடிக்கிறது. பதினெட்டுப் பெட்டியும் ஐரோப்பாவுக்கு அனுப்பச் செய்த, இடப்பக்கம் ஸ்ரெயரிங் உள்ள வானுக்கான லைற், இங்கே ஓடுகிற வானுக்கு ஆகாது. மற்றவர்கள் கை தூக்காததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அப்பா என்னை ஏசவில்லை மகள், ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். கடையை வாடகைக்குத் தந்த கட்டிடக்காரனுக்கு ஐப்பசி முடிவில் காலி செய்து திறப்பைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, தீபாவளி கழிய ஒட்டுவதற்கு உன்னிடம் ஒரு அறிவித்தல் அடித்து அனுப்பச் சொல்லி, அதை இருபது தாளில் எடுத்து வைத்தார். அவருடைய மனத்தில் மிஞ்சியிருந்த ஒரு திரியையும் நான்தான் ஊதி அணைத்தேன் என்று கோயிலில் நின்று அழுதேன்.

ஒரு மாதம் அந்தப் பெட்டிகளைச் சுற்றித்தான் கூட்டினேன். போன திங்கள் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே யோசிக்கிறேன், எட்டு வருஷம் ஜெர்மனியில், டோட்முண்டில் இருந்தோமே, அங்கே எல்லா வாகனத்துக்கும் ஸ்ரெயரிங் எந்தப் பக்கம்? எங்கள் இரண்டு மண்டைக்கும் இது படவில்லை பார். உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த ஜம்புநாதன் அண்ணைக்கு உடனே ரெலிபோன் அடித்தேன், அவர் இப்பவும் அங்கே வாகனம் திருத்துகிற கராச் வைத்திருக்கிறார். ஐயோ பிள்ளை, என்ர கராச்சிலை மட்டும் ஏழு வான் லைற் இல்லாமல் நிக்குது, ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ என்று கத்தினார். வியாழக்கிழமை கப்பலேறித் தன் வானோடு வந்து இறங்கிவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உனக்கு எப்படியடாப்பா இதை வாங்குற மூளை வந்தது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், எல்லாம் இவவின்ர பஞ்சாங்கம் என்றார், சொல்லிவிட்டுச் சிரித்தார். மிதுஷா, அப்பா சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்தேன்.

இப்போது ஜெர்மனியிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் அடிக்கிறார்கள், அப்பா மறந்துபோன ஜெர்மன் சொல்லையெல்லாம் தேடித் தேடிக் கதைக்கிறார். கட்டிடக்காரனுக்கும் கடையை விட்டுப் போக மாட்டோம் என்று சொல்லியாயிற்று. புதன்கிழமை இன்னொரு ஏலம், நானும் போகிறேன். நேரமும் பார்ப்பேன், இனிமேல் ஸ்ரெயரிங் எந்தப் பக்கம் என்றும் பார்ப்பேன். தையில் உங்களைப் பார்க்க வருவோம், ஆனால் மூன்று கிழமைக்கு மேல் நிற்க ஏலாது, கடையை யார் பார்ப்பது?

மருமகனுடைய இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு. வெயிலுக்குள் தொப்பி இல்லாமல் திரியாதே. நாளைக்குச் சஷ்டி தொடங்குகிறது, விரதம் பிடிக்க ஏலாவிட்டால் ஒரு விளக்காவது ஏற்று. முருகன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

சரி, இப்போது கடதாசியைத் திருப்பு. நீ அடித்து அனுப்பிய ‘கடை மூடப்படுகிறது’தான். ஒன்றுகூட ஒட்டவில்லை. மற்றத் தாள்களின் பின்பக்கத்தில் அப்பா ஓடர் எழுதிக்கொண்டிருக்கிறார், தாளும் முடியப்போகிறது.

உன் அன்பு அம்மா,
சிவகௌரி