அண்ணனுடைய ஹெல்மெட்டை அறுக்கலாமா?

இயேசு மரி சூசை துணை

பாலிபே, மொனஹன்
வியாழக்கிழமை

அன்புள்ள நோரீன் அண்ணிக்கு,

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் வீட்டுக்காரர் ஃபீலிம், மகள் ப்ரோனா, பந்தயத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி வாசித்துச் சொல்லும் ஈட்டா, நம் மோட்டார் கிளப்பில் வண்டிகளையும் ஹெல்மெட்டுகளையும் சோதித்து முத்திரை ஒட்டும் ஃபெர்கல். ஈட்டாவின் அம்மா வாசலில் காரிலேயே இருந்தார், மழை என்று உள்ளே வரவில்லை. ஆகவே அவர் உங்களுக்கு என்ன எழுதியிருந்தாலும் அது கண்ணால் பார்த்தது அல்ல. போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. மாலக்கி அண்ணனுடைய ஹெல்மெட்டைப் பற்றியது. பயப்படாமல் படியுங்கள், எல்லோரும் சுகமாக இருக்கிறோம், ஆண்டவருக்குத் தோத்திரம்.

நீங்கள் ஹாலிஃபாக்ஸிலிருந்து அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்தது. அதன்மேல் டேப் மேல் டேப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், நீங்கள் அதை மூடிவிட்டுத் திறந்து திரும்ப மூடியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் படுக்கையிலேயே போன பிறகு அவர் சட்டைகளைக்கூட இங்கே கொடுத்துவிட்டுப் போனவர் நீங்கள். அந்த ஹெல்மெட்டை மட்டும்தான் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போனீர்கள். அதை ப்ரோனாவின் முதல் கார் ராலிக்கு என்று அனுப்பினீர்களே, அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? நம் ஊரில் மாமன் ஹெல்மெட் மருமகளுக்கு வருவது பாட்டன் நிலம் வருவதைவிடப் பெரிது என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் அவரே பெயிண்டில் எழுதிய பெயரும் இரத்தப் பிரிவும் இன்னும் அழியவில்லை. ப்ரோனா அதை மடியில் வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாடு சாப்பிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வந்தோம்.

ஃபெர்கலை நான்தான் டீக்கு அழைத்தேன். ராலியன்று வரிசையில் நின்று சோதிப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்தேன். மேசையில் நல்ல விரிப்பு போட்டு, நடுவில் ஹெல்மெட்டை வைத்திருந்தேன். அவன் டீயைத் தொடவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பி, காதுப் பக்கத்துத் துணியைத் தூக்கி, உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். விரலால் அமுக்கினான். உள்மெத்தை காய்ந்த ரொட்டி மாதிரி விரிப்பின்மேல் பொடியாக உதிர்ந்தது.

"அக்கா, இத நான் உள்ள விட மாட்டேன்" என்றான்.

ஃபீலிமுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, மாலக்கி எத்தன வருஷம் இதப் போட்டு ஓட்டினான்! ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு!" என்றார்.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். ஒரு கீறல் இல்ல. ஒரு நாள்கூட பரீட்ச எழுதாதவனுக்கு நான் எப்படிப் பாஸ் போடுறது? வயசாயிடுச்சு. அடிய வாங்குற உள்பக்கம் இறுகிப் போச்சு. கழுத்தப் பிடிச்சு நிறுத்துற பட்டய மாட்டறதுக்குப் பொத்தானே இல்ல."

"சாமியாரு மந்திரிச்சுக் கொடுத்ததுடா!"

"தீர்த்தம் தெளிச்சா வயசு கொறையுமா? அப்படின்னா மொதல்ல என் தலையில தெளிக்கச் சொல்லு" என்றான். ஈட்டா சிரித்துவிட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ப்ரோனா விரிப்பில் உதிர்ந்த பொடியை விரலால் கூட்டிச் சேர்த்தாள். கடைசியில், "ஒரே ஒரு ராலி, ஃபெர்கல் மாமா. அப்புறம் அலமாரியில வச்சிடறேன்" என்றாள். அவன் கையை உள்ளே விட்டு உச்சிப் பக்கம் தடவினான். "அக்கா, இங்க என்னமோ குத்துது" என்றான்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, அண்ணி. உச்சித் துணிக்குள் மாதா பதக்கம் ஒன்றை நான்தான் தைத்து வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அவன் என் கத்தரிக்கோலையே வாங்கித் தையலைப் பிரித்தான். "அடி விழுந்தா மொத்தமும் இந்த ஒரு இடத்துலதான் எறங்கும். மாதா அப்படியே மண்டைக்குள்ள போயிடுவா, அக்கா" என்றான்.

"மாதாவையே தகுதியில்லேன்னு தள்றியா?" என்றார் ஃபீலிம்.

"மாதாவுக்குச் சட்டைப்பை இருக்குல்ல? அங்க வைங்க."

இப்படிச் சொல்லிக்கொண்டே இன்னும் பிரித்தான். என் பதக்கத்துக்குக் கீழே, பழைய துணிக்கு அடியில், இன்னொரு பதக்கம் இருந்தது. கறுத்துப்போயிருந்தது. நீல நூலில் குறுக்குத் தையல், அதன்மேல் மறுபடியும் குறுக்குத் தையல். அந்தத் தையல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த தலையணை உறை இன்னும் என் கட்டிலில்தான் இருக்கிறது.

ஃபீலிம் எழுந்து மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். பால் கறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஃபெர்கல் அந்தப் பதக்கத்தைத் தன் கைக்குட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான். ப்ரோனா அப்போதுதான், "சரி மாமா, புதுசு எப்படி வாங்கணும், சொல்லுங்க" என்றாள். அந்த இரண்டு பதக்கங்கள்தான் அவளை இறங்கி வரச் செய்தன என்று நான் நம்புகிறேன். அவன் சொன்னதையே ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஃபெர்கல் சொன்னது இதுதான்: முதலில் தலைக்குச் சரியாக இருக்க வேண்டும், பிறகு உள்ளே அங்கீகாரச் சீட்டு, பிறகு கழுத்துப் பட்டைக்கான பொத்தான்கள், நிறம் கடைசியில். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஆகாது, அதன் துணி தீயைத் தாங்காது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனாலும் கிளப் விதிப்புத்தகத்தில் ஹெல்மெட் பகுதியை அகராதியோடு உட்கார்ந்து இரண்டு இரவில் படித்து முடித்தேன். அவன் சொன்னதில் ஒன்றும் மிகையில்லை.

நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அம்மாள் ப்ரோனாவின் கொண்டையை அவிழ்த்துப் பின்னிப் போடச் சொன்னாள். கொண்டையோடு அளந்தால் தலை பொய் சொல்லும் என்றாள். புருவத்துக்கு மேலே நாடாவால் சுற்றி அளந்தாள். ப்ரோனாவுக்கோ மினுமினுக்கும் கறுப்பு ஒன்றின்மேல் கண். அது இலேசாகவும் இருந்தது, ஆனால் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். "வசதியா இருக்கும்மா" என்றாள். "வசதியா இருக்கத் தொப்பி வாங்கிக்கோ" என்றாள் கடைக்காரி. வேறொன்றை மாட்டிவிட்டு, கன்னம் அணில் மாதிரி பிதுங்க, அப்படியே அரை மணி நேரம் உட்காரவைத்தாள். நாங்கள் டீ குடித்தோம், ப்ரோனா ஸ்ட்ரா வைத்துக் குடித்தாள். நெற்றி வலிக்கிறதா என்று கடைக்காரி கேட்டாள். இல்லை என்றதும் பின்பக்கம் பிடித்து முன்னால் உருட்டிக் கழற்றப் பார்த்தாள். அசையவில்லை. ராலியில் ஈட்டாவோடு பேச முகம் திறந்த மாதிரி போதும், ஆனால் ப்ரோனா சில சனிக்கிழமைகளில் பந்தயத் தடத்திலும் ஓட்டுகிறாள் என்பதால், வாய்க்கருகே மைக் பொருத்தக்கூடிய முழுமுக ஹெல்மெட்டாக, இரண்டுக்கும் ஒன்றாக எடுத்தோம். சாதாரண வெள்ளை. என் கணக்குப் புத்தகத்தில் மருந்து என்ற தலைப்பின் கீழ் எழுதினேன், ஃபீலிம் சிரித்தார்.

ராலி ஞாயிறன்று, ஆகவே சனி மாலைப் பூசைக்கே போய்விட்டோம். நான் மற்றப் பெண்களோடு வயலோரக் கூடாரத்தில் தொண்டர்களுக்கு சாண்ட்விச் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபெர்கல் போன் செய்தான். எடுத்தவுடனே, "அக்கா, நிக்கிறா, பேசுறா, திட்டுறா" என்றான். அந்த வரிசையில் சொன்னதற்காகவே அவனுக்குத் தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன்.

மேட்டைத் தாண்டியதும் ஒரு வளைவு. வண்டி வழுக்கி, ஒரு கேட் தூணில் பக்கவாட்டாக மோதி, ஓடையில் சாய்ந்துவிட்டது. நான் ஓடிப்போனபோது இரண்டு பேரும் முழங்கால்வரை சேற்றில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்த வளைவு அவ்வளவு இறுக்கம்னு ஏன்டி சொல்லல?" என்றாள் ப்ரோனா. "நான் பிரேக்குன்னு கத்தினேனே, அது உன் காதுல பாட்டா விழுந்துச்சா?" என்றாள் ஈட்டா. என்னைப் பார்த்ததும் இருவரும் ஒன்றாக அழ ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ப்ரோனாவை ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். பெல்ட் அழுத்திய இடத்தில் தோள் எலும்புக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். தலையில் ஒன்றுமில்லை. ஹெல்மெட்டின் வலது பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியிருக்கிறது. கவிழ்ந்தால் கூரை நசுங்காமலிருக்க வண்டிக்குள் பொருத்தியிருக்கும் இரும்புக் குழாயில் அதை வைத்துப் பார்த்தான் ஃபெர்கல், அச்சாகப் பொருந்தியது. அந்தக் குழாய்க்கும் என் பிள்ளையின் காதுக்கும் நடுவில் இருந்தது அந்த வெள்ளை ஹெல்மெட் மட்டும்தான். ஒரு அடி வாங்கினால் அதன் வேலை முடிந்தது என்று அதையும் அவன் எடுத்துக்கொண்டான்.

இதற்கெல்லாம் நான் நன்றி சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான், அண்ணி. நீங்கள் அதை அனுப்பியிராவிட்டால் நான் ஃபெர்கலை டீக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன். ப்ரோனா யாரிடமாவது எதையாவது இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பாள், அவசரத்தில் யாராவது விட்டிருப்பார்கள். அண்ணனுடைய ஹெல்மெட் மேசைக்கு வந்து அவளைக் காப்பாற்றிவிட்டது. தலையில் ஏறாமலே காப்பாற்றிவிட்டது.

இனி, நான் கேட்க வேண்டியது. கிளப்பில் இன்னும் மூன்று பிள்ளைகள் அப்பாவுடையதும் மாமனுடையதுமாகப் பழைய ஹெல்மெட்டுகளை வைத்துக்கொண்டு ஃபெர்கலிடம் சண்டை பிடிக்கிறார்கள். வாயால் சொன்னால் ஏறவில்லையாம். ப்ரோனாவினுடையதை அவன் நடுவில் அறுத்துவிட்டான். உள்பக்கம் எப்படி நசுங்கி அடியை வாங்கியிருக்கிறது என்று பார்த்தால் தெரிகிறது. அதன் பக்கத்தில் அண்ணனுடையதையும் அறுத்து வைத்தால், எது தாங்கும், எது தாங்காது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறான். ஃபீலிமுக்கு இஷ்டமில்லை. "மாலக்கி தலையையே அறுக்கிற மாதிரி இருக்கு" என்றார். ப்ரோனாவோ அறுக்கட்டும் என்கிறாள். நெற்றியிலிருந்து பிடரிக்கு அறுத்தால் பெயர் எழுதியது முழுதாக இருக்கும், அதன்மேல் ரம்பம் படாது என்று ஃபெர்கல் என் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறான். என் மனது எந்தப் பக்கம் என்றால், அறுக்கலாம் என்றுதான் சொல்லும். ஆனால் அவர் என் அண்ணனாக இருந்தாலும் உங்கள் புருஷன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும். நல்ல விரிப்பில் சுற்றி நானே தபாலில் போட்டுவிடுகிறேன், யாரும் உங்களைக் குறையாக நினைக்க மாட்டார்கள்.

உங்கள் பதக்கத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீல நூலைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். என்னுடையது ப்ரோனாவின் சட்டைப்பையில்.

மாதா உங்களைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் குளிரில் தனியாக நடக்காதீர்கள், உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன், உங்கள் நாத்தனார்
டிம்ப்னா

அறுக்கலாமா, வேண்டாமா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள். அடுத்த ராலிக்கு முன்பே அந்தப் பிள்ளைகள் சோதனைக்கு வருகிறார்கள்.