பழைய மீட்டரும் லவீனாவின் நூற்றறுபது ஏக்கரும்

ஹார்ட்செல் டவுன்ஷிப், ஒஹையோ
டிசம்பர் 9

அன்பு மகள் கோரினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை கார்சனும் குட்டிப் பேத்தி மேவும் அந்த அலாஸ்கா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் கைகூப்பும்போது உங்கள் பேரைச் சொல்லிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கை வலி தேவலை, ஆனாலும் நூடுல்ஸ் மாவை அவளேதான் உருட்டுவேன் என்கிறாள், சொன்னால் கேட்கிற ஜாதியா அவள். மூன்று ஞாயிறாக நீ ஃபோன் செய்தபோதெல்லாம் அப்பா கொட்டகையில் வேலையாக இருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். அவளுக்கு எதிர்நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். லவீனாவின் நிலத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்களா அப்பா என்று கேட்டுவிடுவாயோ என்ற பயம். அறுபத்தாறு வயதாகியும் பெற்ற பெண்ணுக்குப் பயந்து ஒளிகிற நிலைமை. ஃபோனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் பேனா எடுத்தேன். அந்த நிலம் போய்விட்டது கண்ணு. சின்ன வயதில் நீ அத்தை அத்தை என்று பின்னாலேயே சுற்றுவாயே, அதே பக்கத்து வீட்டு லவீனா, நூற்றறுபது ஏக்கரையும் சோலார் கம்பெனிக்கு முப்பத்தைந்து வருஷக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நம்முடைய சொந்த எண்பது ஏக்கர் எனக்கும் அம்மாவுக்குமே இழுபறிதான், அவளுடையதையும் சேர்த்து உழுதால்தான் மார்ச்சில் நீங்கள் வந்து இங்கே பிழைக்கமுடியும் என்று நாம் பேசிவைத்திருந்தோம், இனி அது நடக்காது. யார்மேல் தப்பு என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், பெரும்பங்கு என்மேல்தான்.

ஜூன் மாதம் மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒரு அட்டை வந்தது, எல்லா வீட்டிலும் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டப்போகிறோம் என்று. நாம் எத்தனை மணிக்கு விளக்குப் போடுகிறோம், எத்தனை மணிக்குக் குளிக்கிறோம் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்குத் தெரிந்துவிடும் என்று தீவனக் கடையில் வம்பளக்கிற டெல்மர் கிளப்பிவிட்டான். எனக்குத்தான் முன்கோபம் என்பது உனக்குத் தெரியுமே. அன்றைக்கே நம் சுவரிலிருக்கிற மீட்டரைச் சுற்றி இரும்புக்கம்பியில் கூண்டு அடித்துப் பூட்டும் போட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, உள்ள என்ன கோழியா வளக்கப் போறீங்க என்று கேட்டாள். அந்த வாரமே டவுன்ஷிப் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள், கம்பெனி சார்பில் பாவம் ஒரு சின்னப்பெண் வந்திருந்தாள், நான் எழுந்து அவளை ஒரு பிடி பிடித்துவிட்டேன். என் சொவத்துல என்ன இருக்கணும்னு நான்தாம்மா சொல்லணும், வரி கட்டுறவன் நான், என் எடத்துல நான் என்ன வேணா வைப்பேன் என்ன வேணா எடுப்பேன், அதக் கேக்கக் கம்பெனிக்கும் உரிமையில்ல பக்கத்து வீட்டுக்காரனுக்கும் உரிமையில்ல என்றேன். கூடமே கைதட்டியது, டெல்மர் விசிலடித்தான். முன்வரிசையில் லவீனாவும் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு தட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்காரர்களும் சரி, உங்கள் வீட்டில் பழையதே இருக்கட்டும், மாதாமாதம் நீங்களே பார்த்து எழுதி அனுப்புங்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த எண் சரியாகத் தெரிவதில்லை, அம்மாதான் கண்ணாடியும் டார்ச்சுமாகப் போய்ப் பார்த்து எழுதுகிறாள், அதற்கும் அவள் திட்டு தனி.

ஆகஸ்டில் சோலார் பேச்சு கிளம்பியது. ஓடைக்கு அந்தப்பக்கம் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றார்கள், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு, சர்ச்சில் வழக்கமாகச் சேர்ந்து உட்காருகிறவர்கள்கூடத் தள்ளித்தள்ளி உட்கார்ந்தார்கள். விளைநிலத்தில் சோலார் வேண்டாம் என்று பலகை கொடுத்தார்கள், நானும் வாங்கிவந்து நம் வயல் முனையில் நட்டேன். அது லவீனாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவளைச் சந்தேகப்பட எனக்கு என்ன இருக்கிறது, அவள் புருஷன் டுவேனும் நானும் ஒரே கோடையில் அந்த வயலுக்கும் நம் வயலுக்கும் சேர்த்து மண்ணுக்கடியில் வடிகால் குழாய் பதித்தவர்கள். அவன் போனபிறகு முப்பத்தொரு வருஷமாக அந்த நிலத்தை நான்தான் உழுகிறேன், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உனக்கே தெரியும், கடைசி சோயா வயலை அறுத்து முடித்த மறுநாள் நான் அவள் சமையலறைக்குப் போவேன், அவள் அடுப்பில் சுட்ட பை பலகாரத்தை வெட்டி வைப்பாள், போன வருஷம் மாதிரிதானே என்பேன், அதே மாதிரிதான் என்பாள், கைகுலுக்கிவிட்டு வந்துவிடுவேன், மொத்தம் பத்து நிமிஷம். இந்த அக்டோபரிலும் போனேன். பலகாரம் வைத்தாள். போன வருஷம் மாதிரிதானே என்றேன். அவள் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் பேசலாம் ஆர்லன் என்றாள். முழங்கால் வலியில் இருக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டு பலகாரத்தைத் தின்றுவிட்டு வந்தேன். எவ்வளவு மண்டூகம் பார்.

நவம்பரில் சோலாருக்கான கூட்டம் நடந்தது, கூடம் நிறைந்து வெளியே வாகனம் நிறுத்துமிடம்வரை ஜனம். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று குமாஸ்தா அம்மாள் முட்டை வேகவைக்கிற கடிகாரத்தைத் திருகி மேஜையில் வைத்துவிட்டாள். நான் எழுந்து இந்தக் கருப்பு மண் திரும்பி வராது, சோறு போடுகிற நிலத்தில் கண்ணாடியை நடுகிறவனை என்ன சொல்ல, கையெழுத்துப் போட்டவர்கள் ஊர் முகத்தில் எப்படி விழிப்பார்கள் என்றெல்லாம் பேசினேன், மணி அடித்தபிறகும் பேசினேன். உட்கார்ந்ததும் லவீனா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். கையெழுத்துப் போட்டது நான்தான் என்றாள். அவள் என் பக்கம் திரும்பி, ஜூன் மாசம் இதே எடத்துல நின்னு நீ என்ன சொன்ன ஆர்லன், என் எடத்துல நான் என்ன வேணா வைப்பேன், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேக்க உரிமையில்லன்னு சொன்னல்ல, நானும் கைதட்டினேனே, உனக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், அந்த மீட்டர்கூட உன்னுது இல்லப்பா, கம்பெனியோடது, என் நெலமாவது என்னுது என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டெல்மர் தொடையைத் தட்டித்தட்டிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டவுன்ஷிப்காரர்கள், ஊர்க் கருத்தை எழுதித்தான் எங்களால் அனுப்பமுடியும், முடிவு தலைநகரத்தில் என்று கையைவிரித்தார்கள். அனுமதி வந்துவிடும் என்கிறார்கள், வர நாளானாலும் ஒப்பந்தப்படி வருகிற வசந்தத்தில் அவள் நிலத்தில் நான் விதைக்கமுடியாது.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். சண்டைபோடத்தான் போனேன். அவள் கதவைத் திறந்து காபி ஊற்றினாள். எம் புள்ளைங்க ரெண்டுபேரும் இந்தப் பக்கம் தலைவைக்கமாட்டாங்க, மாடிப்படி ஏறமுடியல, டவுன்ல மாடி இல்லாத வீடு ஒண்ணு பாத்திருக்கேன், யாருக்கும் பாரமா இருக்கவேண்டாம்னுதான் ஆகஸ்டுல கையெழுத்துப் போட்டேன் என்றாள். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லவீனா, கோரின் மார்ச்சுல வர்றா, அவளும் கார்சனும் உங்க நெலத்தத்தான் நம்பியிருந்தாங்க என்று அப்போதுதான் சொன்னேன். அவள் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். என்ன சொல்ற, கோரின் வர்றாளா என்றாள். வருஷா வருஷம் வந்து அதே மாதிரிதானேன்னு கேட்டியே, எப்படி இருக்கீங்க லவீனான்னு ஒரு வருஷமாவது கேட்டியா, எங்க பொண்ணு வர்றான்னாவது சொல்லியிருந்தா நான் அந்தக் காகிதத்தத் தொட்டிருப்பேனா என்று கேட்டுவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்கு ஏன் சொல்லத் தோன்றவில்லை தெரியுமா, வாழ்க்கைப்பட்ட வீட்டில் தனியாக இருக்கிறவளிடம் போய் என் பெண் வருகிறாள், நிலத்தை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டால் நெருக்குவதுபோல ஆகிவிடுமே, நம் வீட்டுக் கதை நம்மோடு இருக்கட்டுமே என்றுதான். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே இருக்கிறோம் இங்கே. அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். ஒரு மீட்டருக்காக ஊரைக்கூட்டிக் கத்தத் தெரிந்த எனக்கு, பெற்ற பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. சோலார் கம்பெனி வக்கீலிடம் அவளே ஃபோன் செய்து கேட்டுப்பார்த்தாள். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கமுடியாதாம்.

போன வாரம் நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். சோலார் தகடு மாட்டக் கம்பம் அடிக்கும்போது டுவேனும் நானும் பதித்த வடிகால் குழாய் உடைந்தால் லவீனாவின் வயலோடு நம் எண்பது ஏக்கரிலும் தண்ணீர் நின்றுவிடும், குழாய் எங்கே எங்கே போகிறது என்பது காகிதத்தில் கிடையாது, என் மண்டையில்தான் இருக்கிறது. அதனால் நானே இரண்டு நாள் அந்த வயலில் நடந்து நடந்து குழாய்த்தடம் நெடுக ஆரஞ்சுக் கொடி நட்டுக் கொடுத்தேன். அளக்கவந்த பெண் ரொம்ப நன்றி சார், நீங்க இல்லன்னா எங்களுக்கு ஒரு மாசம் ஆயிருக்கும் என்றாள். நல்லபிள்ளையாகத்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்து கூண்டைப் பிரித்துப் பழைய இரும்பில் போட்டுவிட்டு, மின்சாரக் கம்பெனிக்கு ஃபோன் செய்து, வந்து புது மீட்டரை மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

லவீனாவிடம் கோபப்படாதே, கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு வாழ்த்து அனுப்பு, டவுன் வீட்டு முகவரியை அம்மா பின்பக்கம் எழுதியிருக்கிறாள். மேவுக்காக மாடி அறைக்கு மஞ்சள் பூச்சு அடித்துவைத்திருக்கிறேன், விருந்தாளியாக வந்து தங்கினாலும் அவள் அறைதான் அது. கார்சனிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல், எனக்கு நேரில் சொல்ல வராது. கடவுள் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் எங்கே இருந்தாலும் எங்கள் ஆசி உங்களோடு இருக்கும். வண்டியில் போர்வை, டார்ச் இல்லாமல் வெளியே கிளம்பாதே. அப்புறம், வேலையை விடுவதாக எழுதிவைத்திருக்கிறேன் என்றாயே, அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடாதே கண்ணு. கொடுத்துவிட்டிருந்தால், இதைப் படித்த கையோடு போய், வெட்கப்படாமல், எல்லாவற்றையும் வாய்திறந்து சொல்லி, திருப்பி வாங்கிக்கொள்.

உன் அப்பா,
ஆர்லன்