நான் சொன்ன ஆமீன்

வாப்பா,

உங்கள் வெள்ளைச் சட்டையை மாமி இன்று டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார், தலையணை உறை தைக்க. காலரை மூக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னும் சொல்யூஷன் வாசனை போகவில்லை. தோல் பை ஒட்டுகிற அந்தப் பசை உங்கள் விரலிலிருந்து எல்லாவற்றிலும் ஏறிவிடும், நீங்கள் பிசைந்து தரும் சோற்றில்கூட. நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்போது அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோலியில், இந்த ஒற்றை அறையில், எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யுத்த காலத்தில் விமானத்துக்குப் பயந்து ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. விளக்கைத் தணித்து வைத்திருக்கிறேன்.

சாப்பிடும்போது மாமி உங்களைப் பற்றி மாமாவிடம் சொன்னார்.

“அவன் பேரோட ஒட்டிக்கிட்டுத்தானே இவளுக்கும் குடியுரிமை கெடச்சுது? அவனே மவுத்தாயி மண்ணுக்குள்ள போயிட்டான். நாளைக்குப் போலீஸு வந்து, இந்தச் சிலோன் புள்ள ஏன் இங்க இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவிய?”

“சும்மா கெட. புள்ள காதுல விழுது.”

“விழட்டும். கொழும்புல அவ பெரியவாப்பா இருக்காருல்லா? காயிதம் போடுங்க.”

மாமா “பாப்போம்” என்று கை கழுவ எழுந்துவிட்டார். முடியாது என்று சொல்லவில்லை வாப்பா. அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் எனக்கு என்ன தெரியும்? உம்மாவை அங்கே அடக்கியிருக்கிறது. கப்பலில் உங்கள் தோளில் வாந்தி எடுத்தேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் தாராவிதான்.

குடியுரிமைக்குச் சத்தியம் செய்ய வரச்சொல்லித் தாக்கீது வந்தபோது நீங்கள் பயந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹிந்தியில் சொல்லவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்கூட ஹிந்தியில் வாசிக்க வாசிக்க, நீங்கள் பை தைத்துக்கொண்டே, மதரஸாப் பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ராகமாகச் சொன்னீர்கள்.

“இதுக்கு ராகம் கெடையாது வாப்பா.”

“ராகம் இல்லாம என் மண்டையில ஏறாதுட்டி.”

போகிற அன்று காலையில், தொழப்போகிற மாதிரி கை கால் முகம் கழுவி ஒளு செய்தீர்கள். என்னையும் செய்யச் சொன்னீர்கள். அங்கே அதிகாரி என்னைப் பார்த்து, பிள்ளை எதுவும் சொல்லவேண்டாம், பேர் சேர்ந்திருக்கிறது, தகப்பனுக்கு ஆனால் இவளுக்கும் ஆனதுதான் என்றார். நான் சுவரோரமாக நின்றேன். உடம்பு ஆடிவிடக்கூடாதென்று மேசையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அதே ராகத்தில் சொல்லி முடித்தீர்கள். முடித்ததும், பழக்கம் போகுமா, இரண்டு கையாலும் முகத்தைத் தடவி “ஆமீன்” என்றீர்கள். சுவரோரத்திலிருந்து நானும் சத்தமாக “ஆமீன்” என்றுவிட்டேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நம் இருவரையும் பார்த்தார். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஹோ கயா” என்று சொல்லி முத்திரையை எடுத்தார். ஆகிவிட்டது.

பஸ்ஸில் அழுதேன்.

“நான் கெடுக்கப் பாத்தேன்லா வாப்பா?”

“நீ எங்கட்டி கெடுத்த? ஓதுனவனுக்கு உள்ளது ஆமீன் சொன்னவளுக்கும் உண்டு.”

நீங்கள் சொன்ன சத்தியம் உங்களோடு போய்விட்டதா என்று நான் யாரிடம் கேட்பேன்? பள்ளிக்கூடத்தில் கேட்டால் சிலோன்காரி என்று சிரிப்பார்கள். மாமாவிடம் கேட்டால் காயிதம் போடும் ஞாபகம் வந்துவிடும். ஆனால் ஓதியவர் எழுந்து போனாலும், ஆமீன் சொன்னவளிடம் அது இருக்கும்தானே? காலையில் மாமாவிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன். வாப்பா ஓதினார்கள், நான் ஆமீன் சொன்னேன், நான் போகமாட்டேன் என்று. குரல் வருமா என்றுதான் பயமாக இருக்கிறது.

அதற்காக இப்போது அந்தச் சத்தியம் முழுவதையும் சொல்லிப் பார்த்தேன். மூச்சுச் சத்தத்தில்தான், உங்கள் ராகத்தில்தான். ஒரு சொல்லும் மறக்கவில்லை. முடித்துவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டேன். ஆமீன் சொல்ல இங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

அதையும் நானே சொன்னேன்.