கயலின் நூறு கிராம்

புதன்கிழமை இரவு

பளுதூக்கும் போட்டிக்காக வெளிநாடு போயிருக்கும் பேத்தி கயல் மத்தியானம் போன் பண்ணி அழுதாள்.

"பாட்டி, நூறு கிராம் கூட இருக்கேன். அரை மணி நேரத்துல எடை குறையலன்னா மேடை ஏற விடமாட்டாங்க. முடிய வெட்டட்டுமா?"

சின்னதில் முருகனுக்கு முடி இறக்கியதோடு சரி, அப்புறம் அந்தத் தலையில் கத்தரி பட்டதே இல்லை.

"வெட்டு லா! என்னைக் கேட்டுக்கிட்டா நிக்கிற?" என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் அழுதேன்.

சாயங்காலம் போட்டியை டிவியில் பார்த்தேன். எடை சரியாகி மேடைக்கு வந்துவிட்டாள். முதலில் அடையாளமே தெரியவில்லை. குனிந்து கம்பியைப் பிடித்ததும் கீழுதட்டைக் கடித்தாள். ரந்தாவ் தோட்டத்தில் ரப்பர் பால் வாளியைத் தூக்கும்போது அந்தக் காலத்தில் நானும் அப்படித்தான் கடிப்பேன். தூக்கிவிடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.