எஸ்தருக்கு நிப்பாட்டின மாத்திரை

ஞாயிறு, மாசி 9

காலமை சேர்ச்சுக்கு வெளிக்கிடேக்க ஆபிரிக்காவில மலாவியில இருந்து மெசேஜ் வந்தது. போன வருசம் நாங்கள் ஊழியத்துக்குப் போன கிராமத்து வாத்தியார் அனுப்பினது. அந்தக் கிராமத்துப் பிள்ளை எஸ்தர் ஆத்தில தண்ணி அள்ளேக்க வலிப்பு வந்து விழுந்து செத்துப்போனாளாம். பன்னிரண்டு வயசு.

அவள் வலிப்புக்கு மாத்திரை குடிச்சுக்கொண்டிருந்தவள். அங்க போனநேரம் எங்கட பாஸ்டர் அவளின்ர தலையில கை வைச்சு ஜெபிச்சு, "சுகமாயிட்டாய், இனி மாத்திரை வேண்டாம்" எண்டவர். நான் இருபது வருசமா நேர்ஸ். பக்கத்திலதான் நிண்டனான். தாய் என்ர முகத்தைப் பார்த்தவா. நான் சிரிச்சனான்.

ஆராதனைக்கு முதல் பாஸ்டரிட்டைச் சொன்னன். அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

"இண்டைக்குச் சொல்லவேண்டாம் சிஸ்டர். மலாவிக்கு அடுத்த குழு வெளிக்கிடுற நேரம், சனம் சோர்ந்துபோகும்."

"ஓம் பாஸ்டர்" எண்டிட்டன்.

பிறகு சுகமான பிள்ளை எண்டு திரையில எஸ்தரைக் காட்டிச்சினம். எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினன்.

எஸ்தரின்ர தம்பிக்கும் வலிப்பு இருக்கு. வீட்டை வரேக்க மல்வேர்ன் பஸ்ஸில இருந்து வாத்தியாருக்கு எழுதினன், அவனுக்கு மாத்திரையை நிப்பாட்டவேண்டாமெண்டு தாயிட்டைச் சொல்லுங்கோ எண்டு. இப்பதான் பதில் வந்தது. பாஸ்டர் ஜெபிச்ச அண்டைக்கே அவனுக்கும் நிப்பாட்டியாச்சாம். பாஸ்டர் சொன்னால்தான் தாய் திரும்பக் குடுப்பாவாம்.

நாளைக்குப் பாஸ்டரைக் கேக்கவேணும். அவர் என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும்.