ரத்தம் தடவாத சக்கரம்

நவம்பர் 9

வண்டி வந்துவிட்டது. பழைய ஜப்பான் வண்டி, வலப்பக்க ஸ்டியரிங். தலாய் இறங்கியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்துத்தான் சொன்னான்: "ஃபோர் வீல் டிரைவ்டி! இனிமே கணவாயெல்லாம் நமக்குத் தெரு மாதிரி."

குனிந்து டயரில் நகத்தை அழுத்தினேன். கல் மாதிரி இறுகியிருந்தது. கோடை டயர், பனியில் பிடிக்காது.

"நாலு சக்கரமும் இழுக்குது, அப்புறம் டயர் எதுவா இருந்தா என்ன?"

இழுக்கும், ஏறுவதற்கு. இறங்கும்போது யார் பிடிப்பது?

நவம்பர் 11

ஜனவரியில் பிரசவம். எங்கள் ஊர்ப் பிரசவ அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆள் குறைவாம், செலவு அதிகமாம். தோ-அஷூ கணவாயில் ஏறி, சுரங்கப்பாதையைத் தாண்டி, அந்தப் பக்க வளைவுகளில் இறங்கினால்தான் ஆஸ்பத்திரி. "முன்னாடியே வந்து இங்க தங்கிடுங்க" என்கிறார் டாக்டரம்மா. யார் வீட்டில்?

என்னோடு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த குல்பைரா போன மார்ச்சில் வலியோடு வாடகைக் காரில் போனாள். அதுவும் ஃபோர் வீல் டிரைவ்தான். ஏறிவிட்டது. இறங்கும்போது மூன்றாவது வளைவில் நிற்கவில்லை. விதி என்றார்கள். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 14

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன்.

நவம்பர் 17

அத்தை முற்றத்தில் ஆட்டைக் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அறுத்து, சக்கரங்களில் ரத்தம் தடவி, தெரு முழுவதற்கும் விருந்து. "புது வண்டிக்கு ரத்தம் காட்டலைன்னா அதுவா எடுத்துக்கும்" என்கிறார்.

அந்த ஆட்டைக் கொடுத்தால் பனிக்கட்டியைக் கீறிப் பிடிக்கிற ஆணி டயர், ஒரு குளிர்காலம் ஓடினது, நாலு கிடைக்கும் என்றேன்.

"கேட்டியாடா தலாய், உன் பொண்டாட்டிக்கு ஆணி டயர் வேணுமாம்! எங்க காலத்துல குதிரை மேல ஏறி உக்காந்து ஆண்டவன் பேரைச் சொன்னோம். போய்ச் சேரலையா?"

"பனிக்காலத்துல அந்தக் குதிரைக்கு முள்ளு லாடம்தானே அத்தை அடிச்சீங்க? அதைத்தான் நானும் கேக்கறேன்."

அத்தை ஆட்டுக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"உன் வாய்க்கு ஒரு லாடம் அடிக்கணும்."

தலாய் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலிருந்து ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 20

இன்று வெறி பிடித்துக் கத்திவிட்டேன். "ஏத்திக் காட்டாதடா, நிறுத்திக் காட்டு! உங்கம்மாவ உக்கார வச்சு நிறுத்திக் காட்டு!"

அவனுக்கு ரோஷம். அத்தையை முன்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் உறைந்து கிடந்த புல்வெளிக்கு ஓட்டினான். வண்டி அம்பு மாதிரிப் பாய்ந்தது. நான் கையைத் தூக்கினேன். பிரேக்கை மிதித்தான். தெரிந்தது, சக்கரங்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டன. வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் எங்கள் வைக்கோல் போரில் மூக்கை நுழைத்தது.

அத்தை தலை நிறைய வைக்கோலோடு இறங்கினார். முக்காட்டை உதறிக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்: "ஆட்டை அவுத்துச் சந்தைக்குக் கொண்டுபோ. விருந்து இல்லைன்னு நான் சொல்லிக்கறேன்."

நவம்பர் 21

ஆட்டைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கரா-பால்தா சந்தைக்குப் போயிருக்கிறான். நல்ல டயர் வாங்க மோசமான டயரில் கணவாயைத் தாண்டுகிறான். இது ஏன் நேற்றே எனக்குத் தோன்றவில்லை? நான்தானே அனுப்பினேன். அந்த மூன்றாவது வளைவு —

அத்தையும் நானும் சன்னல் பக்கம் போவதும் வருவதுமாக இருக்கிறோம்.

அதே நாள்

வந்துவிட்டான். நாலு டயரையும் அங்கேயே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். "ரெண்டு போதும், முன்னாடி மட்டும் போடு, எல்லாரும் அப்படித்தான்னு சொன்னான் கடைக்காரன். உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. நாலும் வாங்கிட்டேன்."

வரும்போது எப்படி என்று கேட்டேன். போகும்போது எப்படி என்று கேட்கவில்லை.

ஜனவரி 22, ஆஸ்பத்திரி

எழுத முடிகிறது. எழுதிவிடுகிறேன்.

வலி விடியலில் வந்தது, சொன்ன தேதிக்கு முன்பே. சுரங்கப்பாதைக்கு முன்னால் தடுப்புப் போட்டிருந்தார்கள். பனிச்சரிவு அபாயம், யாரும் போகக் கூடாது. எங்கள் கண்ணெதிரே ஒரு அதிகாரியின் ஜீப்புக்குத் தடுப்பு உயர்ந்தது. அத்தை இறங்கிப்போய் அந்தக் காவலனிடம் என்ன சொன்னாரோ! எனக்குக் கேட்டது கடைசி வார்த்தைதான்: "...உன்னையும் ஒருத்திதான்டா பெத்தா!" தடுப்பு மறுபடி உயர்ந்தது. தடுப்புப் போடும் முன்பே ஏறிவிட்ட லாரிகள் வழியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

இங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்; வண்டியோ வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் முன்னால் போகும் லாரிக்கு அப்பால் அவனுக்கு எதுவும் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான் கண். வலிக்கு நடுவே, "எதிர்ல லாரி... இல்ல, போ... இரு, இரு!"

மூன்றாவது வளைவு. சாலைக்குக் குறுக்கே ஒரு லாரி திரும்பிக் கிடந்தது. தலாய் மிதித்தான். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை நாள் விதியைத் திட்டியவளுக்கு — ஐயோ, ரத்தம் காட்டலையே, இப்ப எடுத்துக்கப் போகுதே என்று. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் தோன்றியது.

ஆணிகள் பனிக்கட்டியைக் கீறும் சத்தம். கறகறவென்று. வண்டி நின்றது. லாரிச் சக்கரத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆடு நிற்கலாம், அவ்வளவு இடம்.

பெண் குழந்தை.

பிப்ரவரி 26

டயர்கள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்க வீட்டுப் பெண் சாய்காலுக்கு இந்த வாரம் பிரசவம். அவர்களுடையதும் எங்கள் வண்டி மாதிரியேதான், எங்களிடம் இருந்த அதே கல் டயர். காலையில் தலாய் கழற்றிக் கொடுத்தான். அத்தை ஒரு கோழியை அறுத்து நாலு டயரிலும் ரத்தம் தடவினார். நான் தடுக்கவில்லை.

"பாத்து ஓட்டச் சொல்லுடி உன் புருஷன்கிட்ட. அடுத்த மாசம் தபால்காரன் மகளுக்கு வேணும்" என்றார் அத்தை சாய்காலிடம்.

பிரசவ அறைப் பூட்டை இந்த வருடமும் யாரும் திறக்கவில்லை. எங்கள் வண்டி முற்றத்தில் கட்டைகள் மேல் நிற்கிறது. சாய்காலை ஏற்றிக்கொண்டு அவர்கள் வண்டி காலையிலேயே கணவாய்க்குப் போய்விட்டது; மதியத்திலிருந்து பனி கொட்டுகிறது. குழந்தை தூங்குகிறாள். அத்தையும் நானும் மறுபடியும் சன்னலுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறோம்.